நீண்ட மூக்கும் நெடுநாள் கனவும்

2019ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் கலிபோர்னியாவின் டஸ்டின் நகரில், இரண்டாம் உலகப்போரின்போது வான்கப்பல்களை நிறுத்துவதற்கென்று எழுப்பப்பட்ட பெருங்கொட்டகை ஒன்றில், ஷெவர்லே நிறுவனம் தன் 'கார்வெட்' காரின் எட்டாம் தலைமுறையை அறிமுகம் செய்தது. அறுபத்தாறு ஆண்டுகளாக ஓட்டுநருக்கு முன்னால் இருந்த எஞ்சின் அன்று அவர் முதுகுக்குப் பின்னால் போய் அமர்ந்தது. நீண்டு தாழ்ந்த பானட், பின்சக்கரங்களை ஒட்டினாற்போல் அமைந்த இருக்கை, இவ்விரண்டும் சேர்ந்து உண்டாக்கிய அந்த உருவம், தொலைவில் வரும்போதே சிறுவர்களும் பெயர் சொல்லிவிடும் அந்த உருவம், இல்லாமல் போயிற்று. 'இது கார்வெட்டே அன்று' என்று நெடுநாள் அன்பர்கள் பலர் சினந்தனர். 'இப்போதுதான் இது கார்வெட் ஆயிற்று' என்று வேறு சிலர் மகிழ்ந்தனர்.

இலக்கியம் பேசும் இடத்தில் அமெரிக்கக் கார் ஒன்றுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்தச் சினத்துக்கும் அந்த மகிழ்ச்சிக்கும் நடுவே கிடப்பது நமக்கு நன்கு பழக்கமான ஒரு கேள்வி: ஒரு மரபில் எதை மாற்றலாம், எதை மாற்றினால் அது வேறொன்றாகிவிடும்? யாப்பைப் பற்றியும் காப்பியத்தைப் பற்றியும் நாம் காலங்காலமாகக் கேட்டுவரும் இக்கேள்வியைக் கார்வெட் இரும்பிலும் கண்ணாடியிழையிலும் கேட்கிறது. அங்கே விடை சொல்பவர்கள் புலவர்கள் அல்லர். பொறியாளர்கள், கணக்கர்கள், வாங்குவோர். ஆதலால் விடைகள் ஒளிவுமறைவில்லாமல் வெளிப்படுகின்றன.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எஞ்சினை இடம் மாற்றியது துரோகம் அன்று. அந்த மரபின் உள்ளேயே ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு குரலுக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த விடை அது. ஆனால் எலும்புக்கூட்டில் காட்டிய அந்தத் துணிவைத் தோலில் காட்ட நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. புதிய கார்வெட்டின் குறை இங்கேதான் இருக்கிறது; அன்பர்கள் சுட்டிக்காட்டிய இடத்தில் இல்லை.

* * *

தோற்றத்திலிருந்து தொடங்குவோம். 1953ஆம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய 'மோட்டோரமா' கண்காட்சியில்தான் கார்வெட் முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது. நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் விருப்பக் குழந்தை அது. போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் எம்.ஜி., ஜாகுவார் போன்ற இரண்டு இருக்கைக் கார்களில் மனத்தைப் பறிகொடுத்திருந்தனர். அவற்றுக்கு ஓர் உள்நாட்டு விடை வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது இக்கார். 'கார்வெட்' என்பது விரைந்து செல்லும் ஒரு சிறிய போர்க்கப்பல் வகையின் பெயர்.

அந்த ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் கட்டப்பட்டவை 300 கார்கள் மட்டுமே. அனைத்தும் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. உடல் இரும்புத் தகட்டால் ஆனதன்று, கண்ணாடியிழையால் ஆனது. பார்வைக்குப் பந்தயக் குதிரை. பானட்டைத் திறந்தாலோ ஆறு சிலிண்டர் கொண்ட, 150 குதிரைத்திறன் உடைய, குடும்பக் கார் வழிவந்த எஞ்சின். கியர் பெட்டியோ இரண்டே படிகள் கொண்ட தானியங்கி. கிளட்ச் மிதி கிடையாது. விரைவை விரும்பியவர்கள் ஏமாந்தனர். வசதியை விரும்பியவர்கள் மழை ஒழுகும் துணிக்கூரையைக் கண்டு விலகினர். 1954இல் கட்டப்பட்ட கார்களில் பல விலைபோகாமல் நின்றன. 1955இல் கட்டப்பட்டவை வெறும் 700. அதே ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் 'தண்டர்பேர்ட்' பதினாறாயிரத்துக்கு மேல் விற்றது.

இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'தொன்மையான கார்வெட்' என்று இன்று நெஞ்சில் கைவைத்துப் பேசுவோர் மனத்தில் இருப்பது வி-8 எஞ்சின், கையால் மாற்றும் கியர், இடியோசை ஆகியவை. அவற்றில் ஒன்றுகூட 1953இன் காரில் இல்லை. வி-8 எஞ்சின் 1955இல்தான் வந்தது. கையால் மாற்றும் கியரும் அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. மரபு என்று நாம் காட்டுவது பெரும்பாலும் தோற்றம் அன்று, முதல் திருத்தம். இலக்கிய வரலாறு படித்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

* * *

முதல் திருத்தத்தைச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ். 1909இல் பிரஸ்ஸல்ஸில் ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமை லெனின்கிராடில்; படிப்பு பெர்லினில்; போர் தொடங்கியபோது பிரான்ஸில். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்தார். 1953இன் மோட்டோரமாவில் கார்வெட்டைக் கண்டு, உருவத்தில் மயங்கி, உள்ளே இருந்ததை எண்ணி வருந்தி, ஷெவர்லேயின் தலைமைப் பொறியாளர் எட் கோலுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டே வேலையில் சேர்ந்தார். 1953 டிசம்பரில் மேலிடத்துக்கு அவர் எழுதிய ஒரு குறிப்பு, கார்வெட்டின் வரலாற்றில் புகழ்பெற்றது. இளைஞர்கள் ஃபோர்டு எஞ்சின்களைச் சுற்றியே வளர்கிறார்கள்; அவர்கள் கைக்கு நாம் ஒன்றைத் தரவேண்டும் என்பது அதன் சாரம். வி-8 எஞ்சின், 1957இன் எரிபொருள் பீச்சுமுறை, பந்தயக் களம் என்று கார்வெட்டுக்கு உயிர் ஊட்டியவர் அவர். அதனால்தான் அக்காரை அவர் தோற்றுவிக்கவில்லை எனினும் அதன் தந்தை என்றே அவரை அழைக்கின்றனர்.

அந்தத் தந்தைக்கு ஓர் ஆசை இருந்தது: எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கவேண்டும்.

ஏன்? எஞ்சின்தான் காரின் மிகக் கனமான உறுப்பு. அது முன்னால் இருந்து, சக்தி பின்சக்கரங்களுக்குப் போனால், உந்தவேண்டிய சக்கரங்களின்மீது போதிய பாரம் இராது. ஓட்டுநர் முடுக்கியை அழுத்தும்போது சக்கரங்கள் பிடிப்பிழந்து சுழலும். எஞ்சினை இருக்கைக்கும் பின் அச்சுக்கும் இடையே வைத்தால் பாரம் உந்தும் சக்கரங்களின்மேல் இறங்குகிறது. காரின் நடுவே எடை குவிவதால் வளைவில் திரும்புவது எளிதாகிறது. நீண்ட கழியின் இரு முனையிலும் குடம் கட்டித் திருப்புவதற்கும், குடங்களை நடுவே சேர்த்துக் கட்டித் திருப்புவதற்கும் உள்ள வேறுபாடு இது. முன்னால் எஞ்சின் இல்லாததால் பானட் தாழ்கிறது. சாலை கண்ணுக்கு நெருங்கி வருகிறது.

பந்தயக் களம் இவ்வழக்கில் முன்னரே தீர்ப்பு வழங்கிவிட்டது. 1959இல் ஜாக் பிராபம் பின்னால் எஞ்சின் கொண்ட கூப்பர் காரில் உலகப் பட்டம் வென்றார். 1965இல் ஜிம் கிளார்க் அதே அமைப்புடைய லோட்டஸ் காரில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். 1966இல் இத்தாலியின் லம்போர்கினி 'மியூரா'வைத் தந்தது. அவ்வாண்டே ஃபோர்டின் ஜி.டி. 40 கார்கள் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தைக் கைப்பற்றின. டன்டோவ் இக்காற்று வீசும் திசையை முன்பே அறிந்தவர். 1960இல் எஞ்சினைப் பின்னால் வைத்து ஓர் ஆய்வுக் காரைக் கட்டினார், 1964இல் மற்றொன்று. 1970இல் நியூயார்க் கண்காட்சியில் எக்ஸ்.பி-882 என்ற மாதிரி வைக்கப்பட்டபோது அடுத்த கார்வெட் இதுவே என்று பலரும் எழுதினர். நடக்கவில்லை. கட்டும் செலவு கூடும், இருக்கும் கார் நன்றாக விற்கிறது, பின் எதற்கு மாற்றவேண்டும் என்று மேலிடம் ஒவ்வொரு முறையும் கையை விரித்தது. 1975இன் தொடக்கத்தில் டன்டோவ் ஓய்வு பெற்றார். 1996இல் மறைந்தார். கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகரில் உள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தில் அவருடைய சாம்பல் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் கேட்ட கார் 2020 பிப்ரவரியில் அதே ஊரின் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது.

ஆகவே எட்டாம் தலைமுறையைப் பார்த்து 'இது வேற்றார் கொள்கை, இத்தாலியரைப் பார்த்துச் செய்தது' என்று சொல்வது வரலாற்றை அறியாத பேச்சு. கார்வெட்டைக் கார்வெட் ஆக்கியவரே கேட்டது இது. முதல் காரே ஐரோப்பாவைப் பார்த்துப் பிறந்தது என்பதையும் இங்கு நினைத்துக்கொள்ள வேண்டும்.

* * *

ஆனால் டன்டோவ் எப்போதும் சரியாகவே சொன்னார் என்று நாம் வாதிடவில்லை. 1963ஆம் ஆண்டின் சண்டை அதற்குச் சான்று.

அவ்வாண்டு வந்த இரண்டாம் தலைமுறைக்கு 'ஸ்டிங் ரே' என்று பெயர்; நம் கடற்கரையில் திருக்கை என்று வழங்கும் மீன். ஹார்லி ஏர்லுக்குப்பின் வடிவமைப்புத் தலைவரான பில் மிட்செலின் கனவு அது. பீட்டர் பிராக் தொடங்கிய கோடுகளை லாரி ஷினோடா உருவாக்கி முடித்தார். (பெயரில் ஒரு நுட்பம் உண்டு. 1967 வரை இரு சொற்களாகப் பிரித்து எழுதப்பட்ட இப்பெயர் 1969இல் மீண்டு வந்தபோது இடைவெளி நீங்கி ஒரே சொல்லாயிற்று. பதம் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் பொருள் காணும் நம்மவர்க்கு இது சுவையாக இருக்கும்.) மூடிய கூரை கொண்ட அந்தக் காரில் கூரையின் நடுவே ஓடிய மேடு, பின்கண்ணாடியை இரண்டாகப் பிளந்துகொண்டு முதுகெலும்பைப்போல் கீழே இறங்கியது. பின்னால் வருவது தெரியாது என்று டன்டோவ் எதிர்த்தார். அது இல்லையென்றால் முழு உருவமும் பாழ் என்று மிட்செல் பிடிவாதம் பிடித்தார். 1963இல் மிட்செல் வென்றார். 1964இல் டன்டோவ் வென்றார். முதுகெலும்பு நீக்கப்பட்டு ஒரே கண்ணாடி பொருத்தப்பட்டது.

அடுத்து நடந்தது கவனிக்கத்தக்கது. 1963ஆம் ஆண்டுக் காரை வைத்திருந்த சிலர், தம் கார் பழசாகத் தெரியாமலிருக்க, நடுச்சட்டத்தை அறுத்தெறிந்து 1964இன் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டனர். இன்று அந்தப் பிளந்த கண்ணாடிதான் கார்வெட் சேகரிப்போர் தவமிருந்து தேடும் பொருள். ஓராண்டு மட்டுமே வந்த 'பிழை' பெருஞ்செல்வம் ஆகிவிட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பயனைக் கேட்டால் டன்டோவ் சொன்னதே சரி. அந்தக் காரை ஓட்டிய எவரும் ஒப்புக்கொள்வர். அழகைக் கேட்டால் மிட்செல் சொன்னதே சரி. ஆனால் இருவரும் தாம் நம்பிய ஒன்றுக்காகச் சண்டையிட்டனர். மிட்செலின் முதுகெலும்பு எந்தப் பழைய காரின் நினைவாகவும் ஒட்டப்பட்டதன்று. அந்த உருவத்தின் உள்ளிருந்து எழுந்தது. அதனால்தான் பயனற்றதாக இருந்தும் அது நிலைத்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லாரி ஷினோடா ஜப்பானிய வழி அமெரிக்கர்; போர்க் காலத்தில் சிறுவனாக இருந்தபோது மன்சனார் முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்டவர். டன்டோவோ நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அகதி. அமெரிக்கத்தனத்தின் உருவமே இந்தக் கார் என்று போற்றப்படும் ஒன்றை ஆக்கியவர்களில் ஒருவர் அந்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர். மற்றொருவர் அந்நாடு தன்னவர் அல்லர் என்று முள்வேலிக்குள் தள்ளியவர். 'தூய அமெரிக்க மரபு' என்ற பேச்சு எழும்போதெல்லாம் இவ்விருவரையும் நினைப்பது நல்லது.

* * *

கார்வெட்டின் 'மரணம்' 2019க்கு முன்பும் பலமுறை அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1963 முதல் உள்ளே மடங்கிக் கிடந்து வேண்டும்போது எழுந்த முகப்பு விளக்குகள் 2005இல் நிலையான விளக்குகள் ஆயின, ஒப்பாரி எழுந்தது. 1961 முதல் வட்டமாக இருந்த பின்விளக்குகள் 2014இல் கோணமாயின, மீண்டும் ஒப்பாரி. இடையில் 1970களில் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் எண்ணெய் நெருக்கடியும் வந்து எஞ்சினை நெரித்தபோது, 1975இன் அடிப்படைக் கார் 165 குதிரைத்திறனோடு தளர்நடை போட்டது. உருவம் அப்படியே இருந்தது. உள்ளே உயிர் இல்லை. அப்போது எழுந்திருக்கவேண்டிய ஒப்பாரி விளக்குகளுக்காக எழுந்த அளவுக்கு எழவில்லை என்பது நமக்கு வியப்பளிக்கிறது. கார்கள் அவ்வாண்டுகளிலும் நன்றாகவே விற்றன.

பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றம் ஆகாது என்று இலக்கணம் வகுத்த நன்னூலார், அதற்குக் காலத்தைக் காரணமாகக் காட்டினார். காலம் கேட்கிறதா என்பதே உரைகல். சிலப்பதிகாரம் அகவலில் நடந்தது. சீவக சிந்தாமணியும் கம்பனும் விருத்தத்தில் நடந்தனர். காப்பியம் செத்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கதையின் வீச்சுக்குப் புதிய யாப்பு இடம் கொடுத்தது. கார்வெட்டிலும் காலம் கேட்டது. 1997இல் ஐந்தாம் தலைமுறையில் கியர் பெட்டியைப் பின் அச்சருகே கொண்டுபோய் எடையைச் சமன்செய்தனர். 2019இல் ஏழாம் தலைமுறையின் கடைசி வடிவமான இசட்.ஆர்.-1 755 குதிரைத்திறனை எட்டியது. அதற்கு மேல் சக்தியைக் கூட்டினால் பின்சக்கரங்கள் அதைச் சாலையில் இறக்க முடியாத நிலை. முன்னெஞ்சின் அமைப்பு தான் தரக்கூடியதை எல்லாம் தந்து முடித்துவிட்டது. 2000களின் இறுதியிலேயே மாற்றத்துக்கான எண்ணம் எழுந்து, நிதி நெருக்கடியிலும் 2009இல் நிறுவனம் திவால் மனு கொடுத்த குழப்பத்திலும் அது தள்ளிப்போயிற்று. தலைமைப் பொறியாளர் டாஜ் யூக்டரின் காலத்தில்தான் அது கைகூடியது.

எஞ்சின் இடம் மாறினும் எஞ்சின் மாறவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 6.2 லிட்டர் வி-8. 1955 முதல் தொடரும் தண்டு-தள்ளி வால்வு அமைப்பு. 490 குதிரைத்திறன், கூடுதல் தெரிவுகளோடு 495. இருக்கைகள் இரண்டே. கழற்றக்கூடிய கூரைப் பலகை அப்படியே இருக்கிறது. பின்பெட்டியில் கோல்ஃப் பைகள் இரண்டு வைக்க இடம் விட்டிருக்கின்றனர். ஐரோப்பாவின் நடு எஞ்சின் கார்கள் இப்படி ஓர் எளிய மனிதத் தேவையை எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கோல்ஃப் பைகளில் ஒரு மரபுத் தொடர்ச்சி இருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கலாம்; நாம் அதை உண்மையாகவே சொல்கிறோம்.

* * *

இனிக் குறைகளுக்கு வருவோம்.

முதலாவது, கிளட்ச் மிதி போயிற்று. புதிய கார்வெட்டில் இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர் பெட்டி மட்டுமே, எட்டுப் படிகள், கியர் தண்டுக்குப் பதில் சில பொத்தான்கள். கையால் கியர் மாற்றும் கார்வெட் 1982ஆம் ஆண்டு மாடல் ஒன்றைத் தவிர 1950களின் நடுப்பகுதியிலிருந்து விடாமல் கிடைத்துவந்தது. வாங்குவோர் குறைந்துவிட்டனர் என்பது நிறுவனம் சொன்ன காரணங்களுள் ஒன்று. காரின் நடுவே ஓடும் அலுமினிய முதுகுத்தண்டைத் துளைத்துக்கொண்டு கியர் இணைப்பைப் பின்னால் கொண்டுசெல்வதும் எளிதன்று. விரைவில் புதிய பெட்டி மனிதக் கையை வென்றுவிடும் என்பதில் ஐயமில்லை. இருந்தும் இழப்பு இழப்புதான். காலும் கையும் காதும் ஒன்றையொன்று கேட்டு ஒத்திசையும் ஒரு வித்தை அது. பழகுவதற்கு நாள் பிடிக்கும். பழகிவிட்டால் காரோடு ஓர் உறவு உண்டாகும். 1953இன் காரில் அது இல்லை என்பதால் இதைத் துரோகம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எஞ்சின் இடம் மாறியதற்காக அழுதவர்கள் இதற்காக அழுதிருந்தால் நாமும் கூட அமர்ந்திருப்போம்.

இரண்டாவது, தோல். புதிய காரை முன்னாலிருந்து பார்த்தால் தெளிவு இருக்கிறது. பக்கவாட்டில் காற்று புகும் பெரிய வாய் எஞ்சினின் புது இடத்தை நேர்மையாகச் சொல்கிறது. பின்னால் போனாலோ குழப்பம். கோடுகளின்மேல் கோடுகள், மடிப்புக்குள் மடிப்பு, பழைய காரை நினைவூட்டும் பொருட்டு வைத்த கோண விளக்குகள், கனத்த பின்புறம். 'நான் கார்வெட்தான், நம்புங்கள்' என்று ஒவ்வொரு மூலையும் முறையிடுகிறது. 2025ஆம் ஆண்டு மாடல் வரை உள்ளே ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே பொத்தான் வரிசை ஒன்று மதிற்சுவர்போல் எழுந்து நின்றது. இரண்டே பேர் செல்லும் காரில் இருவரையும் பிரிக்கும் சுவர் எதற்கு என்று நமக்கு விளங்கவில்லை. போர் விமானத்தின் ஓட்டுநர் அறையை நினைத்துச் செய்தார்களாம். இருக்கலாம்; போர் விமானத்தில் யாரும் மனைவியை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவதில்லை.

பொறியாளர்கள் அறுபது ஆண்டு அச்சத்தை வென்று எலும்புக்கூட்டை மாற்றிய அதே வேளையில், உருவம் தந்தவர்கள் பழைய அடையாளங்களைக் கத்தரித்து ஒட்டினர். மிட்செலிடம் இருந்த பிடிவாதம் இங்கே இல்லை. எல்லோரையும் சமாதானப்படுத்தும் கவலைதான் இருக்கிறது. மரபை உள்ளிருந்து அறிந்தவன் அதன் அடையாளங்களைத் துறக்க அஞ்சமாட்டான். அஞ்சுபவன்தான் வட்டமோ கோணமோ ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்கிறான். மரபுக்கவிதை என்ற பெயரில் எதுகை மோனை மட்டும் மிஞ்சிய செய்யுள்களை நாம் எத்தனை கண்டிருக்கிறோம்!

மூன்றாவதும் மிக முதன்மையானதும் விலை. 2019இல் அறிவித்தபோது அடிப்படைக் காரின் விலை 60,000 டாலருக்கு ஓர் ஐந்து டாலர் குறைவு. அதே அமைப்புடைய இத்தாலியக் கார்களின் விலை இதன் பல மடங்கு. அந்த ஒரு செய்திதான் அன்றைய கொட்டகையில் பெரிய ஆரவாரத்தை எழுப்பியது. அந்த ஆரவாரம் நியாயமானது. கார்வெட் பிரபுக்களின் கார் அன்று. தொழிற்சாலை மேற்பார்வையாளரும் பள்ளி ஆசிரியரும் பிள்ளைகள் படிப்பு முடிந்தபின் சேமிப்பை எண்ணிப் பார்த்து வாங்கக்கூடியது. வாங்கிய பின்னும் அண்டை வீட்டாரின் பொறாமைக்கு ஆளாகாமல், அவருக்கும் ஒருமுறை ஓட்டக் கொடுக்கக்கூடியது. பெருஞ்செல்வர்களுக்கே உரிய இன்பத்தை நடுத்தர மனிதன் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தது என்பதுதான் இக்காரின் அடிப்படைப் பண்பு என்று நாம் கருதுகிறோம். பானட்டின் நீளமும் விளக்கின் வட்டமும் அதற்குப் பின்னர்தான்.

இந்தப் பண்புக்குத்தான் இன்று ஆபத்து. அடிப்படை விலை அதன்பின் ஏறியிருக்கிறது. முதல் ஆண்டுகளில் விற்பனையாளர்கள் பலர் குறித்த விலைக்கு மேலும் பல்லாயிரம் டாலர் கேட்டனர். 2025ஆம் ஆண்டு மாடலாக வந்த புதிய இசட்.ஆர்.-1 1,064 குதிரைத்திறன் கொண்டது; விலை அப்போது ஏறத்தாழ 1,75,000 டாலரிலிருந்து தொடங்கியது. பொறியியல் வியப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைச் சாலையில் முழுமையாக ஓட்டக்கூடிய இடமும் இல்லை, வாங்கக்கூடிய ஆசிரியரும் இல்லை. எஞ்சின் முன்னால் இருந்தபோதும் விலையுயர்ந்த வடிவங்கள் இருந்தன, உண்மை. ஆயினும் நடு எஞ்சின் அமைப்பு இத்தாலியரோடு தோள் உரசும் ஆசையை வளர்க்கிறது. அந்த ஆசை முற்றினால் கார்வெட் என்ற பெயர் தாங்கிய இன்னொரு செல்வச் சின்னம் மட்டுமே மிஞ்சும். அப்போது எழவேண்டும் 'இது கார்வெட் அன்று' என்ற குரல்.

* * *

அடுத்த சண்டை வாசலில் காத்திருக்கிறது. 2023 ஜனவரியில் 'ஈ-ரே' என்ற வடிவம் அறிமுகமாயிற்று. முன்சக்கரங்களை மின்மோட்டார் சுழற்ற, பின்சக்கரங்களை வி-8 உந்துகிறது. விடியற்காலையில் அக்கம்பக்கத்தார் உறக்கம் கெடாமல், எஞ்சினை எழுப்பாமல், மின்சாரத்திலேயே ஓசையின்றித் தெருவைத் தாண்டிச் செல்லும் வசதியும் அதில் உண்டு. வி-8 முற்றிலும் விடைபெறும் நாள் ஒன்று வரலாம். அன்றும் அன்பர்கள் சினப்பர். அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களின் சினத்தில் நியாயம் இராது என்று நாம் சொல்லமாட்டோம். ஓர் ஓசைக்காக ஏங்குவது எப்படிப்பட்டது என்பது சந்தத்தில் தோய்ந்த நமக்குத் தெரியும்.

ஆனால் அன்று கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று என்று நாம் நினைக்கிறோம். மாற்றத்தைக் காலமும் அந்தப் பொருளின் உள்ளிருக்கும் தேவையும் கேட்டனவா, விற்பனைக் கணக்கு மட்டும் கேட்டதா? புதிய உருவம் தன் உள்ளமைப்பிலிருந்து எழுந்ததா, பழைய அடையாளங்களை மேலே பூசிக்கொண்டதா? முன்பு யார் கைக்கு எட்டியதோ அவர் கைக்கு இன்னும் எட்டுகிறதா? எட்டாம் தலைமுறைக் கார்வெட் முதற்கேள்வியில் முழுமையாகத் தேறுகிறது, இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் தொடக்கத்தில் தேறியது, இப்போது தடுமாறுகிறது.

1963இன் காருக்கு நடுச்சட்டத்தை அறுத்தவர்களும், 2019இன் காரைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டவர்களும் காரின்மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பின் மிகுதியால் தவறான உறுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள். எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதில் செலவிட்ட கோபத்தில் ஒரு பங்கை, இனி யாரால் வாங்கமுடியும் என்பதில் அவர்கள் செலவிட்டால் கார்வெட்டுக்கு நன்மை விளையும்.